உலையை அணைத்த பிறகும் சுடும் சாம்பல்: கூடங்குளத்தில் மின்சாரம் பிறக்கும் விதமும் மிஞ்சுவதும்

மதுரையைச் சுற்றி நெல் அவிக்கும் மில் எதற்குள் போனாலும் ஒரு பாய்லர் இருக்கும். அடியில் உமி எரியும், மேலே தண்ணீர் கொதிக்கும், நீராவி குழாய் வழியாகப் போய் நெல்லை அவிக்கும். வேலை முடிந்ததும் உமி தள்ளுவதை நிறுத்தினால் போதும், கொஞ்ச நேரத்தில் தீ அடங்கிவிடும். நூறு கிலோ உமிக்கு இருபது கிலோ அளவில் சாம்பல் மிஞ்சும், அதை வாரி வெளியே கொட்டிவிடுவார்கள்.

கூடங்குளம் அணுமின் நிலையமும் அடிப்படையில் ஒரு பாய்லர்தான். சோற்றுக்கு உலை வைப்பது என்று நாம் சொல்வதும் அணு உலை என்பதும் ஒரே சொல், வேலையும் ஒன்றே: தண்ணீரைச் சூடாக்குவது. வேறுபாடு இரண்டு. அங்கே எதுவும் எரிவதில்லை. அதைவிட முக்கியம், அங்கே உண்டாகும் சாம்பல் அடுப்பை விட்டு வெளியே வருவதில்லை. அது எரிபொருளுக்குள்ளேயே தங்கி, உலையை நிறுத்திய பிறகும் தானாகச் சுட்டுக்கொண்டே இருக்கும். அணுமின் நிலையத்தின் வடிவமைப்பு, செலவு, விபத்து, வழக்கு எதை எடுத்தாலும் கடைசியில் இந்தச் சாம்பலில் வந்துதான் முட்டும். ஆகவே மின்சாரம் பிறக்கும் கதையைச் சாம்பலை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

மதுரையிலிருந்து திருநெல்வேலி, நாங்குநேரி, வள்ளியூர் தாண்டி, இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே கடலோரத்தில் இருக்கிறது கூடங்குளம். 1000 மெகாவாட் உலைகள் இரண்டு ஓடுகின்றன. முதல் உலை 2013 ஜூலையில் முதன்முறையாக, ஒரு அணுப்பிளவு அடுத்த பிளவை உண்டாக்கும் தொடர்வினையை எட்டி, அதே ஆண்டு அக்டோபரில் மின்தொகுப்பில் சேர்ந்தது. இரண்டாவது 2016-இல் சேர்ந்தது. மேலும் நான்கு உலைகளின் கட்டுமானம் 2017-க்குப் பிறகு படிப்படியாகத் தொடங்கியது. ரஷ்ய வடிவமைப்பான இதன் பெயர் வி.வி.இ.ஆர். அதன் விரிவு ‘தண்ணீர்–தண்ணீர் ஆற்றல் உலை’ என்று வரும். அணுவைப் பிளக்கும் நியூட்ரான் துகள்களின் வேகத்தைத் தணிப்பதும் தண்ணீர், சூட்டை எடுத்துப் போவதும் அதே தண்ணீர்.

எரிபொருளைக் கையளவில் பார்ப்போம். யுரேனியம் டை ஆக்சைடைத் தூளாக்கி, அழுத்தி, சூளையில் வேகவைத்துச் செய்த ஒரு கறுப்பு வில்லை. குறுக்களவு எட்டு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, உயரம் ஒரு சென்டிமீட்டர் போல, எடை ஐந்து கிராம் அளவில். சுண்டுவிரல் நுனி அளவுதான். பீங்கான் போன்ற பொருள், நடுவில் மெல்லிய துளை இருக்கும். இப்படி முந்நூறு வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு சிர்கோனியக் கலவைக் குழாயில் அடுக்கி, இரு முனையையும் பற்றவைத்து மூடினால் அது ஓர் எரிகோல். முந்நூற்றுச் சொச்சம் எரிகோல்கள் சேர்ந்தால் ஓர் அறுகோணக் கட்டு. உலைக்குள் 163 கட்டுகள். மொத்தத்தில் ஒன்றரைக் கோடி வில்லைகள், எண்பது டன் அளவு எரிபொருள்.

அந்த ஒரு வில்லை உலையில் சில ஆண்டுகள் இருந்து வெளியே வருவதற்குள் 1,500 யூனிட் அளவுக்கு மின்சாரம் கொடுத்திருக்கும். இரண்டு மாதத்துக்கு 250 யூனிட் ஓடும் வீட்டுக்கு அது ஒரு வருடக் கரண்ட்.

இயற்கை யுரேனியத்தில் எளிதாகப் பிளவுபடும் யுரேனியம்-235 வெறும் 0.7 சதவீதம். அதைச் செறிவூட்டி 4 சதவீத அளவுக்குக் கொண்டுவந்துதான் இந்த வில்லைகளைச் செய்கிறார்கள். அணுகுண்டுக்கு 90 சதவீத அளவு செறிவு வேண்டும். ஆகவே உலை அணுகுண்டுபோல் வெடிக்காது. அது நடக்க வழியே இல்லை. பயப்பட வேண்டிய இடம் வேறு, அதற்கு வருவோம்.

ஒரு நியூட்ரான் வந்து மோதினால் யுரேனியம்-235 அணுக்கரு இரண்டு சமமில்லாத துண்டுகளாக உடைகிறது. கூடவே சராசரியாக இரண்டரை நியூட்ரான் அளவு வெளியேறும். உடைந்த துண்டுகள் பெரும் வேகத்தில் பறந்து, வில்லைக்குள்ளேயே ஒரு தலைமுடியின் தடிமனைக்கூடத் தாண்டாமல் முட்டி நிற்கும். அந்த முட்டலே வெப்பம். நின்ற துண்டுகள்தான் சாம்பல்: சீசியம், ஸ்ட்ரான்சியம், அயோடின், செனான், கிரிப்டான் என்று பல பத்துத் தனிமங்கள். அனல் நிலையத்தில் சாம்பல் அடுப்படியில் விழும், அல்லது புகையோடு போகும். இங்கே அது வில்லையின் உடம்புக்குள்ளேயே பிறந்து அங்கேயே சிறைபடுகிறது.

வெளியேறிய நியூட்ரான்களில் சராசரியாக ஒன்று மட்டும் அடுத்த பிளவை உண்டாக்கினால் உலை நிலையாக ஓடும். ஒன்றுக்கு மேல் போனால் சூடு ஏறும், குறைந்தால் இறங்கும். இந்தக் கட்டுப்பாடு மனிதக் கைக்கும் இயந்திரத்துக்கும் எட்டுவதற்குக் காரணமும் சாம்பல்தான். பிளவின்போது பிறக்கும் நியூட்ரான்களில் 99 சதவீதத்துக்கு மேல் அந்தக் கணமே வந்துவிடும். மீதி 0.65 சதவீதம் மட்டும் புரோமின்-87 போன்ற சாம்பல் துகள்கள் சிதையும்போது, சில நொடி முதல் ஒரு நிமிடம் வரை பிந்தி வரும். அந்தச் சொற்பப் பிந்தல் இல்லாவிட்டால், நியூட்ரானை விழுங்கும் கட்டுப்பாட்டுத் தண்டுகளை நகர்த்துவதற்கு நேரமே கிடைக்காது. நீண்டகால மாற்றங்களுக்குத் தண்ணீரில் கரைத்த போரிக் அமிலத்தின் அளவை ஏற்றி இறக்குவார்கள். போரான் நியூட்ரானை விழுங்கும்.

இனி தண்ணீர். குக்கரில் விசில் வரும் அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரியில் கொதிக்கும் என்பது தெரிந்ததே. உலைக் கலத்துக்குள் அழுத்தம் 157 பார், அதாவது காற்றழுத்தத்தைப்போல் 155 மடங்கு. அந்த அழுத்தத்தில் தண்ணீர் கொதிக்க 345 டிகிரி வேண்டும். கட்டுகளுக்குள் 291 டிகிரியில் நுழைந்து 321 டிகிரியில் வெளியேறும் தண்ணீர் கொதிக்காமலேயே சுற்றுகிறது. நான்கு பெரிய பம்புகள் மணிக்கு எண்பதாயிரம் கன மீட்டருக்கு மேல் தள்ளுகின்றன. இது முதல் சுற்று.

முதல் சுற்றுத் தண்ணீர் நான்கு நீராவி உற்பத்திக் கலங்களுக்குள் போகிறது. படுத்த உருளைகள், ஒவ்வொன்றிலும் சுமார் 11,000 மெல்லிய குழாய்கள். குழாய்ச் சுவரின் தடிமன் ஒன்றரை மில்லிமீட்டர்தான். உள்ளே கதிரியக்கமுள்ள தண்ணீர் ஓட, வெளியே சுத்தமான இரண்டாம் சுற்றுத் தண்ணீர் கொதித்து நீராவியாகிறது. நான்கு கலமும் சேர்ந்து மணிக்கு 5,900 டன் நீராவி, 60 பாருக்கு மேல் அழுத்தத்தில், 278 டிகிரியில். அது டர்பைனை நிமிடத்துக்கு 3000 சுற்று சுழற்ற, அதே அச்சில் உள்ள ஜெனரேட்டர் 24 கிலோவோல்ட்டில் மின்சாரம் தருகிறது. டிரான்ஸ்ஃபார்மர் அதை 400 கிலோவோல்ட்டாக உயர்த்தித் திருநெல்வேலிப் பக்கம் அனுப்புகிறது. நிமிடத்துக்கு 3000 என்றால் நொடிக்கு 50 சுற்று. நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதுதான்.

உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் இரண்டு மடங்குக்கு மேல் வேறுபடுவதால், ஒரு குழாயில் ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் முதல் சுற்றுத் தண்ணீர் இரண்டாம் சுற்றுக்குள் பீய்ச்சும். அதனால் நீராவிக் குழாய்களில் கதிரியக்க அளவிகள் ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். ஓட்டைக் குழாயை அடுத்த பராமரிப்பு நிறுத்தத்தில் கண்டுபிடித்து இரு முனையிலும் அடைத்துவிடுவார்கள்.

டர்பைனைச் சுற்றி முடித்த நீராவியை மறுபடியும் தண்ணீராக்க வேண்டும். அந்த வேலையைக் கண்டென்சரில் கடல் தண்ணீர் செய்கிறது, மூன்றாம் சுற்று இது. உலை தரும் வெப்பம் 3000 மெகாவாட், மின்சாரமாவது 1000. மிச்சம் 2000 மெகாவாட் கடலுக்குத்தான் போகிறது. கடலில் விடும் நீர், எடுத்த நீரைவிட 7 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கக் கூடாது என்பது விதி. அந்த 7 டிகிரிக்குள் 2000 மெகாவாட்டைக் கரைக்க நொடிக்கு 68,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். வைகை அணைச் செய்தி படிப்பவர்களுக்குப் புரியும் கணக்கில் சொன்னால் அது 2,400 கன அடி. வருடம் முழுக்க, ராப்பகலாக, ஓர் உலைக்கு மட்டும். வைகையில் எத்தனை நாள் அந்த அளவு ஓடுகிறது என்று யோசித்தாலே இப்படிப்பட்ட நிலையம் ஏன் கடலோரம் தேடிப் போகிறது என்பது விளங்கும். இந்த வெந்நீரும் ஒரு துணை விளைவுதான். இடிந்தகரை மீனவர்கள் கரையோர மீன் பற்றிக் கேட்ட கேள்வி அறியாமையில் பிறந்தது அல்ல.

இப்போது சாம்பலுக்கு வருவோம்.

உலையை நிறுத்தச் சொன்னதும் தண்டுகளைப் பிடித்திருக்கும் மின்காந்தம் விட்டுவிடும். தண்டுகள் தம் எடையிலேயே சில நொடிகளில் கட்டுகளுக்குள் இறங்கிவிடும், பிளவு நின்றுவிடும். மில் பாய்லராக இருந்தால் கதை அத்துடன் முடிந்தது. இங்கே வில்லைக்குள் இருக்கும் சாம்பல் சிதைந்துகொண்டே இருக்கிறது. நிறுத்திய கணத்தில் அதன் சூடு முழுத் திறனில் ஆறரை சதவீதம், அதாவது 195 மெகாவாட். ஒரு மணி நேரம் கழித்து ஒன்றரை சதவீதம், 45 மெகாவாட். ஒரு நாள் கழித்தும் அரை சதவீதம், 15 மெகாவாட். சதவீதத்தில் சின்னதாகத் தெரியும். ஆனால் 15 மெகாவாட் வெப்பம் மணிக்கு இருபது டன் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கிவிடும். தெருவுக்கு வரும் பெரிய தண்ணீர் லாரி இரண்டு, ஒவ்வொரு மணிக்கும். அந்தத் தண்ணீரைக் கொடுக்க முடியாமல் போனால் கட்டுகள் வெளியே தெரிய ஆரம்பிக்கும். 1,200 டிகிரியைத் தொடும்போது சிர்கோனியக் குழாய் நீராவியோடு வினைபுரிந்து ஹைட்ரஜனைக் கக்கும், தானும் சூடேறும். பிறகு வில்லைகளே உருகும்.

ஃபுக்குஷிமாவில் 2011 மார்ச் 11 அன்று நடந்தது இதுதான். நிலநடுக்கம் வந்ததும் ஓடிக்கொண்டிருந்த உலைகள் சொன்னபடி நின்றன. சுனாமி வந்து டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. பம்புக்குக் கரண்ட் இல்லை. நின்றுபோன மூன்று உலைகளை அவற்றின் சொந்தச் சாம்பலே உருக்கியது. கட்டடங்களைச் சிதறடித்தது ஹைட்ரஜன், அணுகுண்டு அல்ல. மின்சாரம் உற்பத்தி செய்யும் இடத்துக்கு உயிர்நாடி வெளியிலிருந்து வரும் மின்சாரம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

கூடங்குளத்தில் இதற்காகவே டீசல் ஜெனரேட்டர்களோடு இன்னோர் ஏற்பாடும் உண்டு. நீராவி தானாக மேலேறி, கட்டடத்துக்கு வெளியே காற்றில் குளிரும் குழாய்களில் தண்ணீராகி, எடையால் கீழிறங்கும். பம்பும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். ஹைட்ரஜனைத் தீப்பற்றும் முன்பே ஆக்சிஜனோடு சேர்த்து நீராக்கும் பெட்டிகளும், உருகியது கீழே வந்தால் ஏந்திக்கொள்ளும் தொட்டியும், இரட்டைக் கான்கிரீட் உறையும் இருக்கின்றன. எல்லாம் நிறுத்தப்பட்ட உலையின் சூட்டுக்காகச் செய்தவை.

‘கூடங்குளம் முதல் உலையில் மின் உற்பத்தி நிறுத்தம்’ என்று அவ்வப்போது செய்தி வரும். டிரிப் ஆன உலையை உடனே ஏன் ஓட்டக்கூடாது? பழுதைச் சரிசெய்வது ஒரு பக்கம். சாம்பலில் செனான்-135 என்று ஒரு வாயு உண்டு, நியூட்ரானை அதுபோல் விழுங்குவது வேறில்லை. ஓடும்போது பிறப்பதும் நியூட்ரானை விழுங்கி அழிவதும் சமமாகப் போகும். நின்றதும் அழிவது நின்றுவிடும். ஆனால் ஏற்கெனவே இருக்கும் அயோடின்-135 ஆறரை மணி நேர அரை ஆயுளில் (பாதி சிதைய ஆகும் நேரம்) செனானாக மாறிக்கொண்டே இருக்கும். நிறுத்திய எட்டு முதல் பத்து மணி நேரத்தில் செனான் உச்சத்துக்குப் போகும். எரிபொருள் பழசாகி இருந்தால் அந்த நேரத்தில் உலை கிளம்பாது. செனான் சிதைய ஒன்றிரண்டு நாள் காத்திருக்க வேண்டியதுதான்.

பல வாரம் நீளும் நிறுத்தம் எரிபொருள் மாற்றுவதற்காக. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக் கட்டுகளை எடுத்துப் புதியதை வைப்பார்கள். முன்பு பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறை. 2022-இல் புது வகைக் கட்டுகள் வந்தபின் பதினெட்டு மாதச் சுழற்சிக்கு மாறும் ஏற்பாடு நடந்தது. கலத்தின் மூடியைத் திறந்து, மேலே முழுக்கத் தண்ணீர் நிரப்பி, தண்ணீருக்கு அடியிலேயே ஒவ்வொரு கட்டாகத் தூக்கிப் பக்கத்துக் குளத்துக்கு நகர்த்துவார்கள். வெளியே எடுத்த புதிதில் ஒரு கட்டின் அருகே கவசமில்லாமல் நின்றால் சில நிமிடங்களிலேயே உயிர் போகும் அளவு கதிர்வீச்சு இருக்கும். மேலே சில மீட்டர் தண்ணீர் இருந்தால் குளக்கரையில் நின்று பார்க்கலாம். தண்ணீரே கவசம், தண்ணீரே குளிரூட்டி.

அப்படி வரும் ஒரு டன் தீர்ந்த எரிபொருளைப் பிரித்துப் பார்த்தால் 950 கிலோவுக்குக் குறையாமல் யுரேனியம்தான் இருக்கும், 40 கிலோ பிளவுச் சாம்பல், 10 கிலோ புளூட்டோனியம். உலைக்குள் புளூட்டோனியத்தை யாரும் போடவில்லை. யுரேனியம்-238 ஒரு நியூட்ரானை வாங்கி, இரண்டு படியில் புளூட்டோனியம்-239 ஆனது. அதிலும் ஒரு பகுதி உலையிலேயே பிளந்து மின்சாரமாகிவிடும். எரிபொருளின் கடைசிக் காலத்தில் வெப்பத்தின் கணிசமான பங்கு அதிலிருந்துதான் வருகிறது.

சாம்பலில் எல்லாம் ஒரே மாதிரி ஆபத்து அல்ல. அயோடின்-131-இன் அரை ஆயுள் எட்டு நாள், தைராய்டில் போய்ச் சேரும். மூன்று மாதத்தில் ஏறக்குறைய இல்லாமல் போய்விடும். சீசியம்-137-க்கு 30 ஆண்டு, பொட்டாசியம்போல் உடம்பெங்கும் பரவும். ஸ்ட்ரான்சியம்-90-க்கு 29 ஆண்டு, கால்சியம்போல் எலும்பில் உட்காரும். புளூட்டோனியம்-239-க்கு 24,100 ஆண்டு. குறைந்த ஆயுள் உள்ளது வேகமாகச் சுடும், சீக்கிரம் தீரும். நீண்ட ஆயுள் உள்ளது மெதுவாகச் சிதையும், ஆனால் தலைமுறை தலைமுறையாக இருக்கும். நடுவில் முப்பது ஆண்டுக்காரர்கள்தான் மனித வாழ்நாளோடு நேராக மோதுபவர்கள்.

அளவைப் பொறுத்தவரை தூத்துக்குடி நல்ல ஒப்பீடு. அங்குள்ள அனல் நிலையத்தில் 210 மெகாவாட் அலகுகள் ஐந்து நிறுவப்பட்டன, ஏறக்குறைய ஒரு கூடங்குளம் உலை அளவு. முழுத் திறனில் ஓடும் நாளில் 15,000 டன்னுக்கு மேல் நிலக்கரி வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல் என்றாலும் நாளுக்கு 5,000 டன். மதுரைப் பக்கம் வீடு கட்ட வாங்கும் ஃப்ளை ஆஷ் கல்லே அனல் நிலையச் சாம்பலில் செய்வதுதான். கரியமில வாயு தனிக் கணக்கு. கூடங்குளத்தின் ஓர் உலை வருடம் முழுக்க ஓடித் தருவது 20 முதல் 25 டன் தீர்ந்த எரிபொருள், ஒரு லாரிச் சுமைக்குச் சற்று மேல். அளவில் ஒப்பிட்டு ‘இது ஒன்றுமே இல்லை’ என்பதும், கதிர்வீச்சை மட்டும் சொல்லிக் கரிப்புகையை மறப்பதும் ஒருபோலத் தவறு. அனல் சாம்பலைக் கல்லாக அறுக்கலாம். இந்தச் சாம்பலை விட்டு ஒரு நாள்கூடக் கண்ணை எடுக்க முடியாது.

அன்றாடம் வெளியேறுவதும் உண்டு. கிரிப்டான், செனான் வாயுக்களைக் கரிப் படுகைகளில் தாமதப்படுத்தி, பெரும்பகுதி சிதைந்தபின் புகைபோக்கி வழியாக விடுவார்கள். போரானிலிருந்து பிறக்கும் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன், நீரின் மூலக்கூறிலேயே ஹைட்ரஜனாகச் சேர்ந்துவிடும். எந்த வடிகட்டியிலும் நிற்காது, வரம்புக்குள் நீர்த்துப்போகச் செய்து கடலில் விடுகிறார்கள். கையுறை, பஞ்சு, காலுறை, வடிகட்டி, நீரைச் சுத்தம் செய்து தீர்ந்த பிசின் மணிகள் ஆகியவற்றை அழுத்தியோ சிமெண்டில் குழைத்தோ பீப்பாயில் அடைத்து, வளாகத்துக்குள் கான்கிரீட் தொட்டிகளில் வைப்பார்கள்.

இன்னொன்றும் வெளியேறுகிறது, தேனி மாவட்டத்துக்காரர்களுக்குப் பரிச்சயமான பெயர்: நியூட்ரினோ என்ற நுண்துகள். ஒவ்வொரு பிளவின் சாம்பலும் சிதையும்போது சராசரியாக ஆறு எதிர்நியூட்ரினோக்கள் (நியூட்ரினோவின் எதிர்த்துகள்கள்) கிளம்பும். உலையின் சுவர், கடல், பூமி எதுவும் தடுக்காது, யாரையும் பாதிக்காது. தேனி மாவட்டப் பொட்டிப்புரம் மலைக்குள் அமைக்கத் திட்டமிட்ட ஆய்வகம் 50,000 டன் இரும்பாலான ஒரு கருவிக்கானது. காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களைப் பிடிப்பதே அதன் நோக்கம். அதன் 85 டன் சிறு மாதிரி மதுரையிலேயே இயங்கியிருக்கிறது. அந்த மலையில் அணுக்கழிவைப் புதைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வேகமாகப் பரவியதற்குக் காரணம், உண்மையான கழிவு எங்கே போகும் என்ற கேள்விக்குத் தெளிவான பதில் வராததுதான். மலை, நீர், சுரங்க வெடிப்பு பற்றிய ஆட்சேபங்கள் வேறு, அவற்றைத் தனியாகப் பேச வேண்டும்.

பதில் ஏன் வரவில்லை? 1988-இல் சோவியத் ஒன்றியத்தோடு செய்த முதல் ஒப்பந்தத்தில், தீர்ந்த எரிபொருளை அவர்களே திரும்ப எடுத்துப்போவதாக இருந்தது. 1998-இல் துணை ஒப்பந்தம் வந்தபோது அது மாறி, எரிபொருள் இந்தியாவிடமே தங்கும் என்றாயிற்று. 2012 நவம்பரில் கூடங்குளம் வழக்கில், கழிவை வைக்கும் இடமாகக் கோலார் தங்கச் சுரங்கத்தின் பெயர் உச்ச நீதிமன்றத்தில் அடிபட்டது. கோலாரில் எதிர்ப்பு கிளம்ப, அரசு பின்வாங்கியது. அதே வழக்கின் 2013 மே மாதத் தீர்ப்பு, தீர்ந்த எரிபொருளுக்கு உலையிலிருந்து தள்ளி ஒரு சேமிப்பு மையம் ஐந்து ஆண்டுக்குள் வேண்டும் என்றது. பிறகு அந்தக் கெடு 2022-க்குத் தள்ளிப்போனது. அந்த மையத்துக்காக 2019 ஜூலையில் ராதாபுரத்தில் நடக்க இருந்த கருத்துக்கேட்புக் கூட்டமும் ஒத்திவைக்கப்பட்டது. தீர்ந்த எரிபொருளைக் கரைத்து யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரித்து, மிஞ்சும் சாம்பலைப் போரோசிலிகேட் கண்ணாடியில் உருக்கி வார்க்கும் தொழில்நுட்பம் கல்பாக்கம், தாராப்பூர், டிராம்பேயில் இருக்கிறது. பிரித்த சீசியத்தை ரத்த வங்கிகளின் கதிரூட்டும் கருவிக்குப் பயன்படுத்தவும் செய்கிறார்கள். கண்ணாடியாக்கினாலும் அந்தக் கண்ணாடிக்கு ஓர் இடம் வேண்டும்.

உலையிலிருந்து வந்து பத்து ஆண்டு குளத்தில் ஆறிய ஒரு கட்டு, அப்போதும் அரை கிலோவாட்டுக்கு மேல் சூடு தந்துகொண்டிருக்கும். வீட்டு இஸ்திரிப் பெட்டி 1000 வாட். அதில் பாதிக்கும் மேல், சுவிட்ச் இல்லாமல். முதல் உலை 2013-இல் கிளம்பியபோது வில்லைகளுக்குள் பிறந்த சீசியம்-137-இல் பாதி 2043-இலும் பாக்கி இருக்கும். அதை நிரந்தரமாக வைக்கும் இடத்தை இந்தியா இன்னும் தேர்ந்தெடுக்கவில்லை.